நீரும் கருமையும்: பாலிஅனிலீன் தொகுப்பு வரலாற்றில் நீராற்பகுப்பின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

மின்கடத்தும் பலபடிகளுள் மிகுதியாக ஆராயப்பட்டவற்றுள் ஒன்று பாலிஅனிலீன். அனிலீனை அமில நீர்க்கரைசலில் ஆக்சிஜனேற்றம் செய்து இது பெறப்படுகிறது. இவ்வினை நிகழும் ஊடகமான நீரே, உருவாகும் பலபடியின் இமீன் பிணைப்புகளைப் பிளக்கவும் வல்லது. இந்நீராற்பகுப்பு 19ஆம் நூற்றாண்டின் சாயத் தொழிலிலும் குயினோன் உற்பத்தியிலும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அனிலீன் கருமையின் கட்டமைப்பு ஆய்விலும், 1980களுக்குப் பின் கடத்தும் பலபடிகளின் தொகுப்பிலும் எவ்வெவ்வாறு புரிந்துகொள்ளப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இன்று ஆய்வகங்களில் வழக்கமாகப் பின்பற்றப்படும் செய்முறையின் கூறுகளான தாழ்வெப்பநிலை, அளவிட்ட ஆக்சிஜனேற்றி, உரிய நேரத்தில் வினையை நிறுத்துதல் ஆகியவை நீராற்பகுப்புடன் செய்துகொண்ட உடன்பாடுகளாகவும் விளங்குகின்றன என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: பாலிஅனிலீன், அனிலீன் கருமை, நீராற்பகுப்பு, குயினோன் இமீன், எமரால்டின், கடத்தும் பலபடி, வேதியியல் வரலாறு.

முன்னுரை

கடத்தும் பலபடிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1977ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவர். அவ்வாண்டில் ஹிடேகி ஷிரகாவா, ஆலன் மெக்டயர்மிட், ஆலன் ஹீகர் ஆகியோர் தம் உடனாய்வாளர்களுடன் இணைந்து, அயோடின் போன்ற பொருள்களைச் சேர்த்தால் பாலிஅசெட்டிலீனின் கடத்துத்திறன் பன்மடங்கு உயர்வதை வெளியிட்டனர். இதற்காக 2000ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவர்களுக்கு வழங்கப்பட்டது. ஆயினும் பாலிஅசெட்டிலீன் காற்றில் நிலைப்பதில்லை. எனவே, எளிதில் தயாரிக்கத்தக்கதும் காற்றில் நிலைப்பதுமான பொருளை நாடியபோது ஆய்வாளர்களின் கவனம் அனிலீனின்பால் திரும்பியது. அவ்வாறு திரும்பிய இடம் புதிய நிலமன்று. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சாய வேதியியலார் உழுது பண்படுத்திய நிலம் அது.

அந்த நீண்ட வரலாற்றில் அனிலீனும் அமிலமும் ஆக்சிஜனேற்றியும் பெரும்பாலும் மாறாமலே இருந்துள்ளன. மாறியது, விளைபொருளிடம் எதிர்பார்க்கப்பட்ட பண்பு. சாயத் தொழிலார் மங்காத கருமையை நாடினர். குயினோன் உற்பத்தியாளர் மூலக்கூறு முற்றிலும் சிதைவதை நாடினர். கட்டமைப்பு ஆய்வாளர் சிதைவின் வழியே உண்மையை அறிய முயன்றனர். கடத்தும் பலபடி ஆய்வாளர் நெடிய, சிதையாத சங்கிலியை நாடுகின்றனர். இந்நான்கு நோக்கங்களுக்கும் ஊடே செல்லும் பொது வினை நீராற்பகுப்பு ஆகும். அதனை மையமாகக் கொண்டு இவ்வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. அவுரியிலிருந்து அனிலீன் வரை

அனிலீன் என்னும் பெயரே சாயத்தின் வழி வந்தது. நீலம் என்னும் பொருள்படும் வடசொல் அரபு மொழி வழியாகப் போர்ச்சுகீசியத்தில் 'அனில்' என வழங்கிற்று. அவுரிச் செடியிலிருந்து பெறும் நீலச் சாயத்தை அச்சொல் குறித்தது. 1826இல் ஓட்டோ உன்வெர்டோர்பென் அவுரி நீலத்தைக் காய்ச்சி வடித்து எண்ணெய் போன்ற ஒரு பொருளைப் பெற்றார். 1834இல் ஃபிரீட்லீப் ரூங்கே நிலக்கரித் தாரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, வெளுப்புத்தூளுடன் அது நீல நிறம் தருவதைக் கண்டார். 1840இல் கார்ல் யூலியஸ் ஃபிரிட்ஷே அவுரி நீலத்தை எரிபொட்டாசுடன் வினைப்படுத்திப் பெற்ற பொருளுக்கு 'அனிலின்' எனப் பெயரிட்டார். இவை யாவும் ஒரே பொருளே என்பதை 1843இல் ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹோஃப்மன் நிறுவினார்.

ஹோஃப்மனின் மாணவரான வில்லியம் ஹென்றி பெர்கின் 1856இல், தம் 18ஆம் அகவையில், குயினைனைத் தொகுக்கும் முயற்சியின் தொடர்ச்சியாக அனிலீன் சல்பேட்டைப் பொட்டாசியம் டைகுரோமேட்டுடன் வினைப்படுத்தினார். கிடைத்தது ஒரு கரிய வீழ்படிவு. அதனைச் சாராயத்தில் ஊறவைத்தபோது பிரிந்து வந்த சிறு பகுதியே மாவ் எனப்படும் ஊதாச் சாயம். வரலாறு அந்த ஊதாவைக் கொண்டாடியது. சாராயத்தில் கரையாமல் எஞ்சிய கருமையைப் பயனற்றதென ஒதுக்கிவைக்காமல் ஆராய்ந்தவர்களும் அக்காலத்தில் இருந்தனர். மான்செஸ்டரில் பணியாற்றிய ஹைன்ரிக் காரோ, மாவ் உற்பத்தியின் எச்சத்திலிருந்து கருஞ்சாயம் ஒன்றைப் பிரித்தெடுத்தார். இன்றைய பாலிஅனிலீனின் முன்னோடி அக்கருமையே.

1862இல் இலண்டனைச் சேர்ந்த மருத்துவரும் வேதியியலாருமான ஹென்றி லெத்திபி, அனிலீன் சல்பேட்டின் கரைசலில் மின்னோட்டத்தைச் செலுத்தி, பிளாட்டின நேர்மின்முனையில் நீலப் படிவு தோன்றுவதை அறிவித்தார். நைட்ரோபென்சீன், அனிலீன் ஆகியவற்றின் நச்சுத்தன்மை குறித்த ஆய்வே அவரை இச்சோதனைக்கு இட்டுச்சென்றது. ஆக, வேதிமுறைத் தொகுப்பும் மின்வேதிமுறைத் தொகுப்பும் பலபடி என்னும் கருத்து பிறப்பதற்கு முன்பே நடைமுறைக்கு வந்துவிட்டன.

2. நீர் தாக்கும் இடம்

வரலாற்றைத் தொடருமுன் வேதியியலைச் சுருக்கமாகத் தெளிவுபடுத்துதல் வேண்டும். பாலிஅனிலீன் சங்கிலியில் பென்சீன் வளையங்களும் நைட்ரஜன் அணுக்களும் மாறிமாறி அமைகின்றன. வளையத்தின் எதிரெதிர் முனைகளில், அதாவது பாரா நிலைகளில், நைட்ரஜன்கள் இணைகின்றன. நைட்ரஜன்கள் யாவும் அமீன் வடிவில் இருப்பின் அது முற்றிலும் ஒடுங்கிய லியூக்கோஎமரால்டின்; பாதி அமீனாகவும் பாதி இமீனாகவும் இருப்பின் எமரால்டின்; யாவும் இமீனாக இருப்பின் முற்றிலும் ஆக்சிஜனேற்றமுற்ற பெர்னிகரனிலீன். இவற்றுள் எமரால்டினை அமிலத்தால் புரோட்டானேற்றம் செய்யும்போது கிடைக்கும் பச்சை உப்பே சிறந்த கடத்தி.

அமீன் பிணைப்பை நீர் எளிதில் தாக்குவதில்லை. இமீனில் கார்பனும் நைட்ரஜனும் இரட்டைப் பிணைப்பால் இணைந்துள்ளன. நைட்ரஜன் புரோட்டானை ஏற்கும்போது அருகிலுள்ள கார்பன் மேலும் எலக்ட்ரான் குறைந்ததாகிறது. நீர் மூலக்கூறு அக்கார்பனைத் தாக்கி, நைட்ரஜனை வெளியேற்றி, அவ்விடத்தில் ஆக்சிஜனை அமர்த்துகிறது. இது சங்கிலியின் முனையிலுள்ள இமீனில் நிகழ்ந்தால் அம்மோனியா வெளியேறி முனை குயினோன் வடிவம் பெறும். சங்கிலியின் நடுவே நிகழ்ந்தால் அம்மோனியா வெளிவராது. சங்கிலியே இரண்டாக வெட்டுண்டு, ஒரு துண்டின் முனையில் ஆக்சிஜனும் மறு துண்டின் முனையில் அமீனும் நிற்கும். இவ்வேறுபாடு பின்னர் விளக்கப்படும் வரலாற்றுச் சிக்கலுக்குத் திறவுகோலாகும். இத்தாக்குதல் மீண்டும் மீண்டும் நிகழ்ந்தால் இறுதியில் எஞ்சுவது பாரா-பென்சோகுயினோன்.

இங்கு ஒரு முரண் உள்ளது. அனிலீன் அலகுகள் பாரா நிலையில் ஒழுங்காக இணைய வலிய அமில ஊடகம் தேவை. அமிலம் குறைந்தால் கிளைத்த, கடத்தாத, பழுப்பு நிற விளைபொருள்கள் மிகும். ஆனால் இமீனைப் புரோட்டானேற்றம் செய்து நீரின் தாக்குதலுக்கு வழிதிறப்பதும் அதே அமிலம். சங்கிலியை வளர்க்க ஆக்சிஜனேற்றி தேவை. இமீன்களை மிகுவித்து அதனை நலிவிப்பதும் அதே ஆக்சிஜனேற்றி.

வெட்டுகள் எண்ணிக்கையில் சிறியனவாயினும் விளைவில் பெரியன. 1000 அலகுகள் கொண்ட ஒரு சங்கிலி நடுவில் ஒரே இடத்தில் வெட்டுண்டால், கூடுதலாகச் சேர்வது ஒரு நீர் மூலக்கூறின் அணுக்கள் மட்டுமே. தனிமப் பகுப்பாய்வில் அது புலப்படாது. ஆனால் சங்கிலியின் நீளம் பாதியாகிவிடும். இழையாக நூற்கவும் படலமாக வார்க்கவும் நீளம் இன்றியமையாதது. பகுப்பாய்வில் தூயதாகத் தோன்றும் மாதிரி, இழையாக்கும்போது நொறுங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

3. சாயத் தொழிலில் நீராற்பகுப்பு

1860இல் கிரேஸ்-கால்வெர்ட்டும் அவருடைய உடனுழைப்பாளர்களும் பருத்தித் துணியின்மீதே அனிலீனை ஆக்சிஜனேற்றம் செய்து 'எமரால்டின்' என்னும் பச்சையைப் பெற்றனர். இன்றும் வழங்கும் அப்பெயர் அன்று ஒரு நிறத்தின் பெயராகவே இருந்தது. 1863இல் இங்கிலாந்தின் அக்ரிங்டனைச் சேர்ந்த ஜான் லைட்ஃபுட், அனிலீன் ஹைட்ரோகுளோரைடு, பொட்டாசியம் குளோரேட்டு, செம்புக் குளோரைடு ஆகியவற்றைக் கொண்டு துணியில் கருமையை அச்சிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கரையாத பொருளை இழைக்குள்ளேயே உருவாக்கியமையால் சலவைக்கும் ஒளிக்கும் அசையாத கருமை கிடைத்தது.

இம்முறைக்கு இரு குறைகள் இருந்தன. கரையும் செம்பு உப்பு, அச்சு இயந்திரத்தின் எஃகுத் தகடுகளை அரித்தது. 1864இல் சார்லஸ் லௌத், கரையாத செம்புச் சல்பைடைப் பயன்படுத்தி அதனைத் தீர்த்தார். மற்றொரு குறை எளிதில் தீரவில்லை: சாயமேறிய துணி நலிந்து கிழிந்தது. வினையின்போதும் உலர்த்தும்போதும் செறிவுற்ற அமிலம் பருத்தியின் செல்லுலோசைத் தாக்கியதே முதன்மைக் காரணம். அமிலத்தால் நலிந்த செல்லுலோசுக்கு 1875இல் ஏமே ஜிரார் 'ஹைட்ரோசெல்லுலோஸ்' எனப் பெயரிட்டார். 1883இல் ரூவான் நகரைச் சேர்ந்த ஜார்ஜ் விட்ஸ், ஆக்சிஜனேற்றத்தால் நலியும் செல்லுலோசை 'ஆக்சிசெல்லுலோஸ்' என வேறுபடுத்திக் காட்டினார். அனிலீன் கருமைக்கு வனேடியம் உப்புகளை ஊக்கியாகப் பயன்படுத்துவதை ஆராய்ந்தவரும் இதே விட்ஸ் என்பது கருதத்தக்கது. செல்லுலோசின் சிதைவுபற்றிய அறிவும் அனிலீன் கருமையின் தொழில்நுட்பமும் ஒரே தொழிற்சூழலில் வளர்ந்தன.

இக்கட்டத்தில் நீராற்பகுப்பின் கேடு சாயத்தைத் தாங்கிய துணியில் காணப்பட்டதேயன்றிச் சாயத்தில் காணப்படவில்லை. சாயத்தின் சங்கிலி நீண்டதா குறுகியதா என்னும் வினாவே அன்று எழவில்லை, கருமை போதுமானதாயிருந்தது. சாயத் தொழிலார் அஞ்சிய மற்றொன்று பச்சையாதல். கந்தக டைஆக்சைடு கலந்த நகரக் காற்றில் கருந்துணி பச்சைச் சாயல் பெற்றது. இன்றைய விளக்கத்தின்படி, மிகுதியாக ஆக்சிஜனேற்றமுற்ற கருமை ஒடுங்கி எமரால்டின் உப்பாக மாறுவதே அப்பச்சையாதல். பச்சையாகாத கருமையைப் பெறவே அவர்கள் மேலும் ஆக்சிஜனேற்றம் செய்தனர். அவர்கள் தவிர்க்க முயன்ற பச்சையே இன்று கடத்தியாக நாடப்படுகிறது. அவர்கள் நாடிய மிகை ஆக்சிஜனேற்றமே இன்று தவிர்க்கப்படுகிறது.

4. சிதைவே விளைபொருளாக: குயினோன்

அனிலீனை அமிலத்தில் மிகுதியான ஆக்சிஜனேற்றியுடன் நெடுநேரம் வினைப்படுத்தினால் கருமையும் நிலைப்பதில்லை. இறுதியில் மஞ்சள் நிறப் பாரா-பென்சோகுயினோன் கிடைக்கிறது. டைகுரோமேட்டைக் கொண்டு இதனைச் செய்யும் முறை ருடால்ஃப் நீட்ஸ்கியின் பெயருடன் இணைந்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆய்வக நூல்களில் இடம்பெற்றது. தொழில் அளவில் மாங்கனீசு டைஆக்சைடும் கந்தக அமிலமும் பயன்பட்டன. கிடைத்த குயினோனை இரும்பால் ஒடுக்கி, ஒளிப்படத் துறைக்குத் தேவையான ஹைட்ரோகுயினோனைத் தயாரித்தனர். அனிலீனின் நைட்ரஜன் அம்மோனியம் சல்பேட்டாகக் கழிந்தது.

பாலிஅனிலீனின் செய்முறையும் குயினோனின் செய்முறையும் தொடக்கத்தில் ஒன்றே என்பது இதனால் விளங்கும். ஒரே பாதையில் முன்னதாக நின்றுவிட்டால் பலபடி. இறுதிவரை சென்றால் குயினோன். எங்கே நிற்பது என்பதை ஆக்சிஜனேற்றியின் அளவும் வெப்பநிலையும் காலமும் தீர்மானிக்கின்றன. நீராற்பகுப்பைப் பக்க வினை என்று மட்டும் கொள்வது பலபடி ஆய்வாளரின் நோக்கு. குயினோன் உற்பத்தியாளருக்கு அதுவே முதன்மை வினையாக இருந்தது.

5. சிதைவே சான்றாக: 1907–1912

கருமை எவ்வாறு கட்டப்பட்டுள்ளது என்னும் வினாவை முறையாக அணுகியவர் சூரிச்சில் அப்போது பணியாற்றிய ரிச்சர்ட் வில்ஸ்டேட்டர். மூருடன் 1907இலும் டோரோகியுடன் 1909இலும் வெளியிட்ட ஆய்வுகளில், சிதைவையே அவர் சான்றாக்கினார். அனிலீன் கருமையை ஆக்சிஜனேற்றம் செய்து கிட்டத்தட்ட முழு அளவில் பாரா-பென்சோகுயினோனைப் பெற்றமை, அதன் வளையங்கள் பாரா நிலையிலேயே இணைந்துள்ளன என்பதைக் காட்டிற்று. மேலும், நீர்த்த கந்தக அமிலத்துடன் சூடாக்கியபோது கருமையிலுள்ள நைட்ரஜனில் எட்டில் ஒரு பங்கு அம்மோனியாவாக வெளியேறியது. முனையிலுள்ள ஓர் இமீன் மட்டுமே நீராற்பகுப்புக்கு ஆளாகிறது. ஆகவே மூலக்கூறில் எட்டு நைட்ரஜன்கள், எட்டு வளையங்கள் உள்ளன என்னும் முடிவு அதனுடன் பொருந்தியது.

லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்தர் கிரீனும் ஆர்தர் உட்ஹெட்டும் 1910, 1912ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில் இவ்வெட்டு வளையக் கட்டமைப்பை விரித்தனர். டைட்டானியம் குளோரைடைக் கொண்டு ஒடுக்க அளவுகளைத் தரம்பார்த்து, லியூக்கோஎமரால்டின், புரோட்டோஎமரால்டின், எமரால்டின், நிகரனிலீன், பெர்னிகரனிலீன் என ஐந்து நிலைகளை அவர்கள் வகுத்தனர். இப்பெயர்களுட் பெரும்பாலானவை இன்றும் வழக்கிலுள்ளன.

எட்டு என்னும் எண் நெடுங்காலம் நிலைத்தது. 1962இல் மோஹில்னர், ஆடம்ஸ், ஆர்கர்சிங்கர் ஆகியோர் பிளாட்டின மின்முனையில் அனிலீனின் ஆக்சிஜனேற்றத்தை ஆராய்ந்தபோதும், விளைபொருள் எட்டு அலகுகொண்ட எமரால்டின் அல்லது அதனை மிக ஒத்த பொருள் என்றே கருதினர். ஆனால் பிற்கால ஆய்வுகள் பாலிஅனிலீனை நூற்றுக்கணக்கான அலகுகள் கொண்ட சங்கிலியாகக் காட்டின. அவ்வாறாயின் வில்ஸ்டேட்டரின் எண்ணிக்கையை எவ்வாறு விளங்கிக்கொள்வது?

விடை, முன்னர்ச் சுட்டிய முனை-நடு வேறுபாட்டில் அடங்கியிருக்க இயலும். வெளியேறும் அம்மோனியா, முனை இமீன்களின் எண்ணிக்கையைத் தரும். நடுவில் நிகழும் வெட்டு அம்மோனியாவைத் தருவதில்லை. ஆனால் புதிய முனைகளை உண்டாக்குகிறது. அப்புதிய அமீன் முனைகள், எஞ்சிய ஆக்சிஜனேற்றத் திறனால் இமீனாக மாறினால், அவையும் பின்னர் அம்மோனியாவை வெளியிடும். அதாவது, நீராற்பகுப்பு சங்கிலியின் முனைகளை மட்டும் எண்ணவில்லை. எண்ணும்போதே புதிய முனைகளை ஆக்கவும் வல்லது. அளவுகோலே அளக்கப்படும் பொருளை வெட்டக்கூடிய நிலை இது. இதற்கு மேல், 1909இல் நெடுஞ்சங்கிலி மூலக்கூறு என்னும் கருத்தே வேதியியலில் நிலைபெறவில்லை. ஹெர்மன் ஸ்டாடிங்கர் அக்கருத்தை முன்வைத்த கட்டுரை 1920இல்தான் வெளிவந்தது. எனவே எட்டு என்பது பிழையான அளவீட்டின் விளைவு என்பதைவிட, சரியான அளவீட்டுக்கு அக்காலக் கருத்துலகம் தந்த பொருள் எனக் கொள்வதே பொருத்தமாகும்.

இதே காலத்தையொட்டி மற்றொரு நிகழ்வும் குறிப்பிடத்தக்கது. 1898இல் காரோ, அனிலீனின்மீது பெர்சல்பேட்டுகளின் வினையை ஆராய்ந்தபோது, இன்று காரோ அமிலம் எனப்படும் பெராக்சிமோனோசல்பூரிக் அமிலத்தைக் கண்டறிந்தார். வலிய கந்தக அமிலத்தில் பெர்சல்பேட்டு நீராற்பகுப்புற்று அது உண்டாகிறது. அனிலீனை அது நைட்ரசோபென்சீனாக மாற்றுகிறது. பாலிஅனிலீன் தொகுப்பின் முதன்மை ஆக்சிஜனேற்றியாகப் பின்னர் அமைந்த பெர்சல்பேட்டும் நீரால் மாற்றமுறக்கூடியது என்பது அன்றே அறியப்பட்டிருந்தது.

6. மறதியும் மீட்பும்

1960களில் பாரிசில் ரெனே புவே, மார்செல் ஜோசெஃபோவிச் ஆகியோரின் குழு பாலிஅனிலீன்களின் கடத்துத்திறனை அளந்து, அது அமிலத்தன்மையையும் நீரின் அளவையும் சார்ந்திருப்பதைக் காட்டியது. 1980களின் நடுவில் மெக்டயர்மிட்டின் குழு, எமரால்டின் காரத்தை அமிலத்தால் புரோட்டானேற்றம் செய்தாலே, எலக்ட்ரான் எண்ணிக்கை மாறாமல், கடத்துத்திறன் ஏறத்தாழ ஆயிரம் கோடி மடங்கு உயர்ந்து, சென்டிமீட்டருக்குச் சில சீமென்ஸ் என்னும் அளவை எட்டுவதை நிறுவியது. கருஞ்சாயம் இவ்வாறு கடத்தியாக மறுபிறப்பெடுத்தது.

மறுபிறப்பெடுத்த பொருளுடன் அதன் பழைய குறையும் திரும்பியது. பாலிஅனிலீன் படலம் மின்னழுத்தத்துக்கேற்ப நிறம் மாறுவதால், காட்சித் திரைகளில் அதனைப் பயன்படுத்தும் முயற்சிகள் நடந்தன. 1984இல் ஜப்பானின் கோபயாஷி, யோனெயாமா, தமுரா ஆகியோர், மின்னழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டினால் படலம் சிதைந்து பாரா-பென்சோகுயினோன் கரைசலில் சேர்வதைக் காட்டினர். 1980களின் இறுதியில் ஸ்டில்வெல்லும் சு-மூன் பார்க்கும் சிதைவின் விளைபொருள்களையும் அளவையும் விரிவாக ஆராய்ந்தனர். சுழற்சி வோல்ட்டாமெட்ரி வரைபடத்தில் இரு முதன்மை முகடுகளுக்கிடையே எழும் சிறிய நடு முகடு, குயினோன்-ஹைட்ரோகுயினோன் இணையைச் சேர்ந்தது எனப் பலர் விளக்கினர். சங்கிலிகள் குறுக்கே இணைவதாலும் ஃபெனசீன் வளையங்கள் தோன்றுவதாலும் அது எழுகிறது என்னும் மாற்று விளக்கமும் உண்டு. எவ்வாறாயினும், அந்நடு முகட்டின் உயரம் மாதிரியின் சிதைவைக் காட்டும் குறியாக ஆய்வகங்களில் கொள்ளப்பட்டது.

75 ஆண்டுகளுக்கு முன் வில்ஸ்டேட்டர் கட்டமைப்புக்குச் சான்றாகக் கொண்ட குயினோன், இங்கே நிலைப்பின்மைக்குச் சான்றாயிற்று. வினை ஒன்றே, அது விடையளித்த வினாக்கள் வேறு. சாய வேதியியலும் மின்வேதியியலும் தனித்தனித் துறைகளாகப் பிரிந்தமையால், முன்னதில் அறியப்பட்டது பின்னதில் மீண்டும் கண்டறியப்பட வேண்டியதாயிற்று.

7. செய்முறை வடிவம் பெற்றமை

வேதிமுறைத் தொகுப்பில் நீராற்பகுப்புக்கு வாய்ப்பளிக்கும் கட்டம் எது என்பதை 1990களின் தொடக்கத்தில் தெளிவுபடுத்தியவர்களுள் மனோகர், மெக்டயர்மிட், எப்ஸ்டைன் ஆகியோர் முக்கியமானவர்கள். பெர்சல்பேட்டைக் கொண்டு செய்யும் வழக்கமான தொகுப்பில் எமரால்டின் நேரடியாக உண்டாவதில்லை. முதலில் முற்றிலும் ஆக்சிஜனேற்றமுற்ற பெர்னிகரனிலீன் தோன்றி, ஆக்சிஜனேற்றி தீர்ந்தபின், எஞ்சியுள்ள அனிலீனால் ஒடுக்கமுற்று எமரால்டினாகிறது என அவர்கள் காட்டினர். கலவை முதலில் நீலமாகிப் பின்னர் பச்சையாவதன் பொருள் இதுவே. இமீன்கள் மிகுந்த அந்நீலக் கட்டமே நீரின் தாக்குதலுக்கு மிகவும் ஆளாகும் காலம்.

இவ்விளக்கத்தின் ஒளியில் செய்முறையின் ஒவ்வொரு கூறும் பொருள் பெறுகிறது. மெக்டயர்மிட் குழுவின் வழக்கமான செய்முறையில் அனிலீனின் மோல் அளவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அம்மோனியம் பெர்சல்பேட்டே சேர்க்கப்பட்டது. விளைச்சல் குறைந்தாலும் அனிலீன் மிகுந்திருந்தமையால் நீலக் கட்டம் நீடிக்காமல் விளைபொருள் எமரால்டினாக ஒடுங்க முடிந்தது. கோட்பாட்டளவில் எமரால்டினுக்குத் தேவைப்படுவது, ஓர் அனிலீனுக்கு 1.25 பெர்சல்பேட்டு. சங்கிலியாக இணைய இரண்டு எலக்ட்ரான்களும் எமரால்டின் நிலையை அடைய அரை எலக்ட்ரானும் நீங்க வேண்டும். ஒவ்வொரு பெர்சல்பேட்டும் இரண்டு எலக்ட்ரான்களை ஏற்கும். 1.5ஐ எட்டினால் பெர்னிகரனிலீனாகவே நிற்கும். அதற்கு மேற்பட்ட ஆக்சிஜனேற்றி சிதைவையே வளர்க்கும்.

பனிக்கட்டிக் குளிரூட்டலும் அவ்வாறே. பலபடியாதல் வெப்பம் உமிழும் வினை. குளிரூட்டாவிடில் கலவையின் வெப்பநிலை தானே உயரும். தாழ்வெப்பநிலையில் நீராற்பகுப்பும் பிற பக்க வினைகளும் குன்றுகின்றன. சங்கிலியின் வளர்ச்சி மெதுவாகவேனும் தொடர்கிறது. 1990களில் மட்டோசோ, மெக்டயர்மிட் ஆகியோரும், 1996இல் டர்ஹம் பல்கலைக்கழகத்தின் ஆடம்ஸ், மங்க்மன் ஆகியோரும், லித்தியம் குளோரைடு போன்ற உப்புகளைச் சேர்த்து உறைதலைத் தடுத்து, சுழியத்துக்குக் கீழ்ப் பல பாகைகளில் தொகுப்பை நிகழ்த்தி, மிக உயர்ந்த மூலக்கூறு எடைகொண்ட பாலிஅனிலீனைப் பெற்றனர். வினை முடிந்ததும் காலந்தாழ்த்தாது வடித்தல், வடிநீர் நிறமற்றுப் போகும்வரை கழுவுதல் ஆகியவை குயினோனையும் குறுஞ்சங்கிலிகளையும் அகற்றுகின்றன.

2002இல் தூய, பயன்முறை வேதியியலின் பன்னாட்டு ஒன்றியத்தின் சார்பில் ஸ்டெய்ஸ்கலும் கில்பர்ட்டும் வெளியிட்ட தொழில்நுட்ப அறிக்கை இச்செய்முறையை நெறிப்படுத்தியது. ஐந்து நிறுவனங்களைச் சேர்ந்த எண்மர் ஒரே முறையைப் பின்பற்றினர்: லிட்டருக்கு 0.2 மோல் அனிலீன் ஹைட்ரோகுளோரைடு, 0.25 மோல் அம்மோனியம் பெர்சல்பேட்டு. விகிதம் மேற்குறித்த 1.25 ஆகும். 59 மாதிரிகளின் சராசரிக் கடத்துத்திறன் சென்டிமீட்டருக்கு 4.4 சீமென்ஸ், விலகல் 1.7. அறை வெப்பநிலையிலேயே இம்மதிப்பு கிடைத்தமை ஓர் உண்மையை உணர்த்துகிறது: தூளின் கடத்துத்திறன் சங்கிலியின் சிறு வெட்டுகளை எளிதில் வெளிக்காட்டுவதில்லை. கடத்துத்திறனை மட்டும் அளந்து தொகுப்பின் தரத்தை முடிவுசெய்தல் போதாது. மூலக்கூறு எடையையும் அறிதல் வேண்டும்.

பாலிஅனிலீனின் குறைகள் யாவற்றையும் நீராற்பகுப்பின்மேல் சுமத்துவதும் பொருந்தாது. ஆர்த்தோ நிலை இணைப்பு, கிளைத்தல், ஃபெனசீன் உருவாதல், ஹைட்ரோகுளோரிக் அமில ஊடகத்தில் வளையத்தில் குளோரின் ஏறுதல் ஆகியவையும் பங்கு கொள்கின்றன. இவற்றினின்று நீராற்பகுப்பை வேறுபடுத்துவது, அது சங்கிலியின் நீளத்தை நேரடியாகக் குறைக்கிறது என்பதே.

8. பிற பலபடிகள்: ஓர் ஒப்பீடு

பாலிபிரோலில் நிலைமை சற்று வேறுபட்டது. அங்கு வளையமே ஆக்சிஜனேற்றத்தால் எலக்ட்ரான் குறைந்து நிற்கும்போது, நீரோ ஹைட்ராக்சைடு அயனியோ அதனைத் தாக்கிக் கார்பனைல் தொகுதிகளை உண்டாக்குகிறது. பெக், பிரவுன், ஓபர்ஸ்ட் ஆகியோர் 1987இல் ஆராய்ந்த இம்மிகை ஆக்சிஜனேற்றம் இணைமை அமைப்பைக் குலைத்துக் கடத்துத்திறனை அழிக்கிறது. நீர் தாக்கினும் இதனைப் பொருள் கண்டிப்புடன் நீராற்பகுப்பு எனல் இயலாது. பிணைப்பு பிளவுறாமலேயே கடத்தல் மறையக்கூடும். பாலிதயோஃபீன்களை இரும்புக் குளோரைடைக் கொண்டு தொகுக்கும்போது, நீரற்ற குளோரோஃபார்ம் ஊடகம் விரும்பப்படுகிறது. அங்கு நீர் பலபடியைவிட ஆக்சிஜனேற்றியையே முதலில் செயலிழக்கச் செய்கிறது. அனிலீனுக்கோ அமில நீரே இயல்பான ஊடகமாக அமைந்தது. நீரை விலக்கிவிடும் வழியின்றி, அதனுடன் பொருந்தி வாழும் வழியையே பாலிஅனிலீன் தொகுப்பு தேட வேண்டியிருந்தது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

பாலிஅனிலீனில் நீராற்பகுப்பு 1980களின் புதிய கண்டுபிடிப்பன்று. கருமையிலிருந்து குயினோனும் அம்மோனியாவும் பிரிவது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அளவறிமுறையில் ஆராயப்பட்டது. துறைகளின் பிரிவால் அவ்வறிவு மறக்கப்பட்டு மீண்டும் பெறப்பட்டது.

எட்டு வளையக் கட்டமைப்பு நீராற்பகுப்பையே சான்றாகக் கொண்டு நிலைபெற்றது. முனையில் நிகழும் வினையையும் நடுவில் நிகழும் வினையையும் வேறுபடுத்திப் பார்க்கும்போது, அச்சான்றின் வலிமையும் எல்லையும் ஒருங்கே விளங்குகின்றன.

குளிர், அமிலம், 1.25 என்னும் விகிதம், நீலம் பச்சையாகும் தருணம், கழுவுதல் ஆகிய செய்முறைக் கூறுகள் ஒவ்வொன்றுக்கும் வேதியியல் காரணமும் வரலாறும் உண்டு. அவற்றைக் காரணம் அறியாது சடங்காகப் பின்பற்றுவோர், ஒன்றை மாற்ற நேரும்போது எதனை இழக்கிறோம் என அறிய இயலாது. புதிய ஆக்சிஜனேற்றியையோ புதிய அமிலத்தையோ புதிய வெப்பநிலையையோ முன்மொழியும் ஆய்வுகள், கடத்துத்திறனுடன் மூலக்கூறு எடையையும் வடிநீரிலுள்ள குயினோனின் அளவையும் சேர்த்து அளக்குமாயின், இவ்வரலாறு கற்பிக்கும் பாடம் ஆய்வகத்திலும் பயன்படும்.